குதிரைக்குப் பெயர் உண்டு

செஞ்சிக் கோட்டையின் வம்சாவளியை எங்கள் வட்டாரத்தில் பலரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனந்தக்கோன், கிருஷ்ணக்கோன், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, பிறகு அவர் மகன் ராஜாராம், முகலாயரிடமிருந்து கோட்டையைப் பெற்ற புந்தேல ராஜபுத்திரர் சொரூப்சிங், அவர் மகன் தேஜ்சிங் என்கிற தேசிங்கு ராஜா. இத்தனை பேரையும் பெற்றவள் ஒருத்திகூட அதில் இல்லை. மேல்சித்தாமூர் சமண மடத்தில் பட்டம் குருவிடமிருந்து சீடனுக்குப் போகிறது, துறவிகளின் வரிசை அது. அங்கே தாய் இல்லாததற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். அரண்மனைக்கு என்ன காரணம்?

இந்த வம்சாவளிக்குள் ஒரு பெண் நுழைய ஒரே ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு தேசிங்கு மடிகிறான். அவன் மனைவி உடன்கட்டை ஏறுகிறாள். அதோடு அவளுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. பெயர்? ராணிபாய் என்கிறார்கள். ராணி என்பது பட்டம், பாய் என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. இரண்டையும் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. தேசிங்கு கதைப்பாடலில் வரும் குதிரைக்கு நீலவேணி என்று அழகான பெயர் இருக்கிறது.

அவள் நினைவாகவே நவாப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. 2019இல் அது மாவட்டமாகவும் ஆனது. கணவனைக் கொன்ற படையின் தலைவர், மனைவி எரிந்ததை மெச்சி ஊர் எழுப்புகிறார். நம் ஆட்கள் அதைப் பெருந்தன்மை என்று புல்லரிக்கிறார்கள். வரிப்பாக்கிக்காக வெட்டிக்கொண்ட இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே இடம் அவளுடைய சிதை. அவள் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பேட்டைக்கும் ராணி ஆகியிருக்க மாட்டாள். வெள்ளைச் சேலையோடு ஏதோ ஓர் அறையில் கிடந்திருப்பாள்.

ராஜாராமின் கதையைப் பாருங்கள். முகலாய முற்றுகை ஏறக்குறைய எட்டு ஆண்டு நீடித்தது. அவர் தப்பிப் போனார். 1698இல் கோட்டை விழுந்தபோது அகப்பட்டவர்கள் அவருடைய மனைவிமாரும் பிள்ளைகளும். இதை யாரும் பாடுவதில்லை. அவருடைய இன்னொரு மனைவி தாராபாய், 1700இல் அவர் இறந்தபின் சிதையில் ஏறாமல், ஔரங்கசீப் சாகும்வரை மராட்டியப் படைகளை இயக்கினார். செஞ்சியில் தேசிங்கைத் தெரியாத குழந்தை இல்லை, தாராபாயைத் தெரிந்த பெரியவர் எத்தனை பேர்?

பழங்கதைதானே, விடுங்கள் என்பார்கள். 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவராலாவில் பதினெட்டு வயது ரூப்கன்வர் எரிந்தபோது, சுற்றி நின்றவர்களின் வாயிலும் இதே மாதிரிப் பழங்கதைகள்தான் இருந்தன. அதன்பிறகு வந்த சதித் தடுப்புச் சட்டம், உடன்கட்டையைப் போற்றுவதையும் ஏழாண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கியது. நம் மேடைகளில் மட்டும் "கற்புக்கரசி" என்று முழங்குவது நின்றபாடில்லை. கைதட்டுகிறவர்களில் பெண்களும் உண்டு; எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

2025இல் யுனெஸ்கோ மராட்டியரின் மற்ற பதினொரு கோட்டைகளோடு செஞ்சியையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உடனே கோட்டை கோனாருடையதா, மராட்டியருடையதா என்று சண்டை. ஆண்கள் தங்கள் முப்பாட்டன்களுக்குப் பட்டா கேட்கிறார்கள், கேட்கட்டும். இனி வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் செட்டிக்குளக் கரையில் கதை சொல்லும்போது "ராணி தீப்பாய்ந்தாள்" என்பதை நிறுத்தட்டும். கணவனை இழந்த ஒரு பெண்ணை இந்த வம்சம் வாழ விடவில்லை, அவள் பெயரையும் எழுதி வைக்கவில்லை என்று சொல்லட்டும். குதிரையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.