கால் எங்கே இருக்கிறது?



எட்டு போட்டுக் காட்டித்தான் நம்மில் பெரும்பாலானோர் பைக் லைசென்ஸ் வாங்கியிருப்போம். கால் தரையில் படக்கூடாது. தேர்வின் சாரமே அதுதான். தரையில் படக்கூடாத அந்தக் கால் வேறு எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ‘ஃபுட்ரெஸ்ட் மேல வைப்பா’ என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பாதத்தின் எந்தப் பகுதியை வைப்பது? குதிகாலா, நடுப்பாதமா, பெருவிரலுக்குப் பின்னால் மேடாக இருக்கிற முன்பாதமா? விரல்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? ஆசிரியர் பக்கத்தில் இதையெல்லாம் பேசுவார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். பேச வேண்டும் என்று விருத்தாசலத்தில் ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்தேன்.

கார்த்திகை இதழுக்காக அங்கே செராமிக் பட்டறைகளைப் பார்க்கப் போயிருந்தோம். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டைகள் என்று கைக்கு அடக்கமான பொருள்கள் பிறக்கிற ஊர் அது. பால்போலக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சி, ஓரத்தில் ஒரு தோல் கட்டியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். உள்ளே கூடான பொம்மை ஒன்று நிற்கிறது. சூளைக்குப் போகும்வரை விரல் அழுந்தினால்கூடச் சிதைந்துவிடும். அப்படிப்பட்ட பச்சைப் பொம்மைகளை வரிசையாக ஒரு பலகையில் அடுக்கி, பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா காயவைக்கும் கொட்டகைக்கு நடந்துபோனார். தரை மேடும் பள்ளமும். ஒரு பொம்மைகூட அசையவில்லை. அவர் காலைப் பார்த்தேன். முன்பாதம் முதலில் படிகிறது, முழங்கால் லேசாக வளைந்தே இருக்கிறது, பள்ளத்தின் அதிர்ச்சி எல்லாம் கணுக்காலோடும் முழங்காலோடும் நின்றுவிடுகிறது. தோளுக்கு எதுவும் ஏறவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் அதே மனிதர்கள் பைக்கிலும் எக்ஸ்எல்லிலும் வெளியே வந்தார்கள். தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்று கால்களாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குதிகாலை ஃபுட்ரெஸ்டில் முட்டுக் கொடுத்து, விரல்களை வாத்துபோல வெளியே விரித்திருந்தார். இன்னொருவரின் பின்விளக்கு பாலக்கரை பக்கம் திரும்பி மறையும்வரை சிவப்பாக எரிந்துகொண்டே போனது. வலது பாதத்தை பிரேக் மிதியிலேயே சாய்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஓர் இளைஞர் புறப்பட்டு இருபது முப்பதடி தூரம் இரண்டு காலையும் தரையோடு இழுத்துக்கொண்டே போனார். பட்டறையில் அத்தனை பக்குவமாக நடந்த கால்கள்தான் அவை. வண்டியில் ஏறியதும் அவற்றுக்கு வேலையே இல்லாததுபோல ஆகிவிடுகிறது.

வேலை நிறைய இருக்கிறது. பைக்கில் நம் உடம்பு வண்டியைத் தொடுகிற இடங்கள் கை, இருக்கை, கால். இதில் உடம்பின் பாரத்தை ஏந்தவும் அதிர்ச்சியை விழுங்கவும் தகுந்தது கால்தான். அது சும்மா தொங்கினால் பாரம் முழுவதும் முதுகுத்தண்டின் அடியிலும் மணிக்கட்டிலும் போய் உட்காருகிறது. நெய்வேலிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் சொல்கிற இடுப்பு வலிக்கும் கை மரத்துப்போவதற்கும் இதில் பங்கு உண்டு.

சரி, எங்கே வைப்பது? திறந்த சாலையில் ஒரே வேகத்தில் போகும்போதும், வளைவுகளிலும் முன்பாதம்தான் ஃபுட்ரெஸ்டின் மேல் இருக்க வேண்டும். விரல்கள் நேராக முன்னால் பார்க்க வேண்டும், குதிகால் வண்டியின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால்கள் டேங்கை லேசாக அணைத்திருக்க வேண்டும். இப்படி வைத்தால் கணுக்கால் ஸ்பிரிங்காக வேலை செய்யும். பாதத்தின் எந்தப் பகுதியும் ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே தொங்காது. தொங்கினால் என்ன என்று கேட்பவர்கள், வளைவில் வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்டுக்கும் தாருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அங்கே நுழைந்து நிற்கிற கட்டைவிரல் தரையில் பட்டால் பாதம் பின்னோக்கி மடங்கும். கரும்பு டிராக்டர் சிந்திவிட்டுப் போன துண்டோ, ரோட்டோரத்து எல்லைக்கல்லோ போதும், கணுக்கால் திருகிக்கொள்ள.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முன்பாதத்தில் நிற்கும்போது பிரேக் மிதி எட்டாது. காலை முன்னால் நகர்த்தி மிதிக்க அரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடி என்பது எட்டு மீட்டருக்கு மேல். கடைவீதியில் அந்த எட்டு மீட்டரில் ஒரு குழந்தை, ஓர் ஆடு, கதவைத் திறக்கிற ஒரு கார் வந்துவிடும். ஆகவே ஊருக்குள், நெரிசலில், நடுப்பாதத்தை ஃபுட்ரெஸ்டில் வைத்து, வலது விரல்களைப் பிரேக்குக்கு மேலே தொடாமல் நிறுத்துவதுதான் சரி. ஊர் தாண்டியதும் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து முன்பாதத்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றையே எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பவர்களைவிட, இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறவரே நல்ல ஓட்டுநர் என்பது என் எண்ணம்.

‘தொடாமல்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மிதியின் மேல் கால் ஓய்வெடுத்தால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடாகும், மைலேஜ் குறையும். அதைவிட மோசம், பின்னால் வருபவருக்கு நீங்கள் உண்மையிலேயே எப்போது பிரேக் அடிக்கிறீர்கள் என்று தெரியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் சிபிஎஸ் எனும் கூட்டு பிரேக் அமைப்போ ஏபிஎஸ்ஸோ கட்டாயம். சிபிஎஸ் உள்ள பைக்குகளில் கால் பிரேக்கை அழுத்தினால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். பழைய வண்டியில் காலைச் சாய்த்துப் பழகியவர்கள் புது வண்டி வாங்கியதும் இதை மனதில் வைக்க வேண்டும்.

இடது காலுக்கும் இதே கட்டுப்பாடுதான். நம் ஊர் வண்டிகளில் கியர் மிதிக்கு முன்னும் பின்னும் இரண்டு தட்டுகள் இருப்பது செருப்புக்காலுக்கு ஒரு வரம்; விரலை அடியில் நுழைத்துத் தூக்க வேண்டாம், குதிகாலால் மிதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பின்தட்டிலேயே குதிகாலை வைத்துக்கொண்டு போனால், ஸ்ப்ளெண்டர் வகை வண்டியில் பள்ளத்தில் இறங்கும்போது கியர் ஒன்று தானாக இறங்கி, பின்சக்கரம் வெட்டி இழுக்கும். பழைய புல்லட் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரலாம். 1955இல் இருந்து சென்னை திருவொற்றியூர்க்காரர்கள் நமக்குக் கொடுத்த அந்த வண்டியில் நெடுங்காலம் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். குதிகாலால் தட்டி நியூட்ரலுக்கு வர ஒரு தனிக் கொக்கியும் உண்டு. அதில் ஓட்டிப் பழகியவர் பேரனின் பல்சரை எடுத்தால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடுவார். தயவுசெய்து முதல் சில நாள்கள் காலியான சாலையில் ஓட்டிப் பழகுங்கள்.

வேகத்தடைக்கும் ரயில்வே கேட்டுக்கும் வருவோம். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு திசையிலும் தண்டவாளம் பிரிகிறது. சுற்றுவட்டாரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டாமல் பைக் ஓட்டுகிறவர் அபூர்வம். கேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடக்கும்படி வண்டியைத் திருப்பி, முன்பாதத்தில் பாரத்தைப் போட்டு, இருக்கையிலிருந்து இரண்டு விரற்கடை எழும்பிக்கொள்ளுங்கள். முழங்கால் வளைந்தே இருக்கட்டும். விறைத்துக்கொண்டு நின்றால் பயன் இல்லை. முழங்கால் வளைந்திருந்தால் வண்டி அடியில் குதிக்கும், நீங்கள் குதிக்க மாட்டீர்கள். டக்கார் ராலி வீரர்கள் பாலைவனத்தை மணிக்கணக்காக நின்றுகொண்டே கடப்பது இந்த அடிப்படையில்தான். 2015இல் அந்தப் போட்டியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் மணல்மேட்டில் செய்ததன் சிறு வடிவத்தை நாம் ஸ்பீட் பிரேக்கரில் செய்கிறோம். முதுகுத்தண்டில் டிஸ்க் கோளாறு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும்.

நான்குவழிச் சாலையில் இரண்டு காலையும் லெக் கார்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நிமிடத்தில் உங்களிடம் பின் பிரேக்கும் இல்லை, கியரும் இல்லை. ஒரு நாய் குறுக்கே வந்தால் எதை வைத்து நிறுத்துவீர்கள்? மோதினால் அந்த வாக்கில் முதலில் உடைவது தொடையும் இடுப்பும்தான். கால் வலித்தால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி நடங்கள்.

இனி பின்னால் உட்காருகிறவர்கள். எனக்கு அதிகம் கவலை இவர்களைப் பற்றித்தான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்இருக்கை உள்ள பைக்குக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்று சொல்வது அந்தத் தடுப்பைத்தான். அழகாக இல்லை என்று வாங்கிய மறுநாளே அதைக் கழற்றி வீட்டுப் பரணில் போடுகிறார்கள். பின்னால் உட்காரப்போகிறவர் அம்மாவாகவோ மனைவியாகவோ தங்கையாகவோ இருக்கையில் இதை எப்படிச் செய்ய மனம் வருகிறது? புடவையோடு ஒருபக்கமாக உட்காருபவர் இரண்டு பாதத்தையும் கார்டில் உள்ள தட்டில் முழுமையாக வைக்க வேண்டும், முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். சுடிதார் அணிகிறவர்கள் இரண்டு பக்கமும் கால் போட்டே உட்காருங்கள். யார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கத்தை விட்டுவிடுங்கள். வண்டி சிக்னலில் நிற்கும்போதும் பின்னால் இருப்பவர் காலை எடுக்க வேண்டாம். ஓட்டுபவர் தரையில் ஊன்றிக்கொள்வார். சைலன்சர் பக்கம் கெண்டைக்கால் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழந்தைகளின் கால் ஃபுட்ரெஸ்டை எட்டாது. எட்டாத கால் ஆடும், தூக்கம் வந்தால் உள்பக்கம் சரியும். உள்பக்கத்தில் சுழல்வது பின்சக்கரம். ஆரக்கம்பியில் குதிகால் சிக்கிச் சதை கிழிந்து வரும் பிள்ளைகளை எலும்பு மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். குதிகாலின் தோல் ஆற மாதக்கணக்காகும், சில நேரம் ஒட்டுத்தோல் வைக்க வேண்டியிருக்கும். 2023 பிப்ரவரியிலிருந்து நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பைக்கில் அழைத்துப்போக ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், பிள்ளைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று விதி வந்துவிட்டது. பெல்ட் பிள்ளையை விழாமல் பிடிக்கும். கால் சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பது சாரி கார்டும், சங்கிலி மூடியும், பின்னால் அமர்ந்திருக்கும் தாயின் கையும்தான். நான்கைத் தாண்டிய பிள்ளைக்கும் ஃபுட்ரெஸ்ட் எட்டும்வரை இந்தக் கவனம் வேண்டும்.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். காலை ஒழுங்காக வைத்திருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். தலைக்கவசம் இல்லாததும் வேகமும் சாலையும்தான் பெரிய காரணங்கள். ஆனால் சாகாமல் பிழைத்து, கணுக்காலும் பாதமும் நொறுங்கி, நின்று செய்யும் வேலையை இழந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அச்சுக்கு முன் நாளெல்லாம் நிற்கிற ஒரு செராமிக் தொழிலாளிக்குப் பாதம் போனால் பிழைப்பே போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு. ஒருமுறை விழுந்த வண்டி என்றால் ஃபுட்ரெஸ்ட் கம்பி பின்னால் மடங்கியிருக்கும், பிரேக் மிதிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கும். மெக்கானிக்கிடம் நிமிர்த்தச் சொல்லுங்கள். பின்பக்க ஃபுட்ரெஸ்ட் விரித்தால் தளராமல் நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, குதிகாலில் வார் உள்ள செருப்பாவது போட்டுக்கொள்ளுங்கள். பரணில் கிடக்கும் சாரி கார்டை எடுத்து மாட்டுங்கள். மாட்டியதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்