ஓசை சொல்லும் உண்மை
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது பழமொழி. வீட்டுச் சாதனங்களின் பழுதும் அப்படித்தான். ஓசை முன்னே வரும். விபத்து பின்னே வரும். ஆனால் அந்த மணியோசைக்குச் செவி கொடுப்போர் எத்தனை பேர்?

திண்டுக்கல் வெயிலை அறிந்தவர்களுக்கு மின்விசிறியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்துவிட்டால் அதற்கு இரவும் பகலும் ஓய்வு கிடையாது. வசதி உள்ளோர் வீட்டில் பிரிட்ஜும் ஏர்கூலரும் உடன் ஓடுகின்றன. இவை எழுப்பும் புது ஓசைகளை நம் மக்கள் இரண்டு விதமாக எதிர்கொள்கின்றனர். ஒன்று, "ஏதோ நடமாடுகிறது" என்னும் அச்சம். மற்றொன்று, "அது அப்படித்தான்" என்னும் அலட்சியம். இவற்றுள் பின்னதே கொடியது என்பேன்.

அச்சத்தை அறிவு எளிதில் போக்கிவிடும். இரவில் தகரக் கூரை "டப் டப்" என்பதைப் பேயின் வேலை என்பார்கள். பகல் வெயிலில் நீண்ட தகடு, இரவுக் குளிர்ச்சியில் சுருங்குகிறது. பத்தடி இரும்புத் தகடு, வெப்பநிலை 30 டிகிரி குறைந்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். ஆணி பிடித்த இடத்தில் அது சட்டென நழுவுவதே அந்த ஓசை. பிரிட்ஜின் "சலசல" ஓசை, குழாயில் ஓடும் குளிரூட்டும் திரவத்தினுடையது.

அஞ்ச வேண்டியவை வேறு. விசிறி முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், பெரும்பாலும் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். பலர் குச்சியால் தள்ளிச் சுற்ற விடுகின்றனர். சுற்றாத மோட்டாரில் பாயும் மின்சாரம் கம்பிச் சுருளைச் சூடாக்கிக் கருக்கிவிடும். "கட கட" என்று ஆடினால், விசிறியைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம்; அதன் கீழேதான் குழந்தை உறங்குகிறது! சுவிட்சில் "சர சர" என்று கேட்டால், அது தீப்பொறியின் குரல்.

என் தாயார் நூற்பாலைத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். ஸ்பிண்டில் ஓசையில் சிறு மாற்றம் வந்தாலும் கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். 50 சைக்கிள் மின்சாரத்தில் காந்த விசை நொடிக்கு 100 முறை எழுந்து தாழ்வதால் மோட்டார் முனகுகிறது என்று தேர்வில் எழுதுபவன் நான். அவர் செவியும் என் ஏடும் சேர்ந்தால்தான் கல்வி முழுமை பெறும். 1816-இல் லென்னக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. கேட்பதும் ஆராய்ச்சியே!

"இதற்கு எலெக்ட்ரீஷியன் இல்லையா?" என்று கேட்கலாம். பழுது பார்ப்பது அவர் வேலைதான். நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும், தெரியாதவர் திறக்கலாகாது. ஆனால் எப்போது சுவிட்சை நிறுத்த வேண்டும், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருக்க வேண்டாமா?

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஆய்வகத்தில் ஒரு பழைய விசிறிக்கும் இடம் தாருங்கள். மாணவ நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாம் கற்றது நம் வீட்டுக் கூரையின் கீழ் முதலில் பயன்படட்டும். "அது அப்படித்தான்" என்போரிடம், "ஏன் அப்படி?" என்று கேட்போம்!