பளு தாங்குமா? கேட்டுப் பாருங்கள்!

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் முப்பரிமாண அச்சுப் பொறியைப் பார்த்திருப்பீர்கள். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் அதை இயக்கியும் பார்த்திருப்பீர்கள். கணிப்பொறியில் வரைந்த பற்சக்கரம் சில மணி நேரத்தில் பிளாஸ்டிக்கில் உருவாகி வெளிவருவது மகிழ்ச்சி தரும் காட்சிதான். ஆனால் அறிவியல் கண்காட்சியில் அந்தப் பற்சக்கரத்தை மேசைமீது வைத்து, 'நாங்களே செய்தது' என்று எழுதி ஒட்டியதும் வேலை முடிந்துவிடுகிறது. அது எவ்வளவு பளு தாங்கும் என்று செய்தவரும் சொல்வதில்லை, பார்ப்பவரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம் மாறவேண்டும் என்பதே என் கருத்து.

இத்தொழில்நுட்பத்திற்கு முதலில் வழங்கிய பெயர் 'விரைவு மாதிரியாக்கம்'. ஒளி பட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுகச் செய்து பொருள்களை உருவாக்கும் முறைக்கு, அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1984-இல் காப்புரிமை கோரினார், 1986-இல் பெற்றார். மாதிரி என்பது கண்ணுக்கும் கைக்கும் உரியது. வடிவம் சரியா, இடத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க அது போதும். வார்ப்பாலையில் பம்பின் உறையை வார்ப்பதற்கு முன் மணலில் பதிக்க ஒரு மாதிரி தேவை. தச்சர் மரத்தில் செதுக்கித் தருவதற்குப் பதிலாக, அச்சில் எடுத்த பிளாஸ்டிக் மாதிரியையும் அதற்குப் பயன்படுத்தலாம். அளவு சரியாக இருந்து, மணலை இடிக்கும்போது உடையாமல் இருந்தால் போதும்.

இயந்திரத்திற்குள் பொருத்தி ஓடவிடும் பாகத்தின் கதை வேறு. அங்கே விசை இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது.

பள்ளிகளில் உள்ள பொறி என்ன செய்கிறது? பிளாஸ்டிக் இழையை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, நுண்துளை வழியே கோடு கோடாக இடுகிறது. ஓர் அடுக்கின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்றால், 2 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகத்தில் 100 அடுக்குகள் இருக்கும். கீழ் அடுக்கு ஆறிய பிறகே மேல் அடுக்கு அதன்மீது விழுகிறது. ஆகவே அடுக்குகளுக்கு இடையேயுள்ள பிணைப்பு, ஓர் அடுக்கிற்குள் உள்ள பிணைப்பைவிடக் குறைவு. விறகு நார் ஓடும் வாக்கில் எளிதாகப் பிளக்கிறதல்லவா? அதுபோலவே இதுவும் அடுக்குகளுக்கு இடையே எளிதில் பிரியும்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. பெரும்பாலும் பயன்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக், ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் அது வளைந்து போகக்கூடும். அச்சில் எடுத்த துளைகளும் வரைந்த அளவைவிடச் சற்றுச் சிறியதாகவே பெரும்பாலும் அமையும்.

அப்படியானால் இப்பொறி வெறும் விளையாட்டுப் பொருளா? இல்லை. மதுரைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடந்ததைக் கேளுங்கள். பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் நான்காம் கட்டத்திற்குரிய பி.எஸ். 4 எஞ்சினை, உலோகத் தூளை லேசர் கதிரால் அடுக்கடுக்காக உருக்கிச் சேர்க்கும் முறையில் இஸ்ரோ செய்வித்தது. பதினான்கு பாகங்கள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின. பழைய முறையில் ஓர் எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் வேண்டும். புதிய முறையில் 13.7 கிலோ தூளே போதுமாயிற்று. செய்து முடிக்கும் காலமும் 60 விழுக்காடு குறைந்தது.

இத்தனை நன்மை இருந்தும் உடனே விண்ணுக்கு அனுப்பிவிட்டார்களா? முதலில் எரிபொருளைத் தெளிக்கும் தலைப்பகுதியை மட்டும் செய்து எரித்துப் பார்த்தார்கள். பிறகு முழு எஞ்சினை நான்கு முறை, மொத்தம் 74 வினாடிகள் இயக்கினார்கள். அதன் பின்னரே, 2024 மே 9 அன்று, 665 வினாடிகள் தொடர்ந்து எரியவிட்டுத் தகுதியை உறுதி செய்தார்கள். எங்கள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டிலும் திமிலும் திமிருமாக நிற்கும் காளையானாலும், கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகே வாடிவாசலுக்குப் போகிறது. பாகத்திற்கும் அந்த நியாயம் வேண்டாமா?

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டைகளை அச்சிடுங்கள். ஐந்தைப் படுத்த நிலையிலும், ஐந்தை நிமிர்த்திய நிலையிலும் எடுங்கள். வெர்னியர் அளவியால் அளந்து குறியுங்கள். ஒரு முனையை மேசை விளிம்பில் இறுக்கி, மறுமுனையில் 50 கிராம் எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கீழே மணல் தட்டு இருக்கட்டும்; கண்ணாடி அணிந்து சற்றுத் தள்ளி நில்லுங்கள். எந்த எடையில் எது முறிந்தது, முறிவு அடுக்கின் வழியே சென்றதா என்று எழுதுங்கள். ஒன்றை மட்டும் முறித்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது, அதற்காகவே ஐந்து.

அடுத்த கண்காட்சியில் உங்கள் பற்சக்கரத்தின் அருகே அந்த அட்டவணையையும், முறிந்த துண்டுகளையும் வையுங்கள். ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பளபளப்பான பாகத்திற்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது அந்த முறிந்த துண்டுகளுக்குத் தாருங்கள். நாளை மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதிக்கப் போகும் கைகள் அங்கேதான் பழகத் தொடங்குகின்றன.