தொடுத்தலும் வளர்த்தலும்

பிறர் வளர்த்த மலர்களைத் தொடுப்பது ஒரு கலை. தோட்டமிட்டு மலர் வளர்ப்பது வேறொரு கலை. டிஜே மென்பொருள் பிறர் பாடல்களை இடையறாது இணைத்துத் தருவது. அதிற் பழகிய இளைஞர், தாமே இசை ஆக்க விழையும்போது வேறு மென்பொருளை நாடுகின்றனர். அந்நிலையில் விலை மிக்கதே சிறந்தது என மயங்குதல் கூடாது என்பதே என் கருத்து.

2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஏபிள்டன் லைவ், சிறு இசைத்துண்டுகளை நினைத்தபோது இயக்கவும் மாற்றவும் இடந்தருவது. ஆதலின் டிஜே பழக்கம் உடையார்க்கு எளிதிற் கைவரும். எஃப்எல் ஸ்டூடியோ, தாளத்தைக் கட்டம் கட்டமாக அமைக்கத் துணைசெய்வது; ஒருமுறை வாங்கினார்க்குப் பிற்பதிப்புகளையும் விலையின்றி அளிப்பது. இவ்விரண்டையும் வாங்குமுன் சோதித்துப் பார்க்கலாம். ஆப்பிள் கணினி உடையார்க்குக் கேரேஜ்பேண்ட் விலையின்றிக் கிடைக்கின்றது. எல்எம்எம்எஸ் பிற கணினிகளிலும் விலையின்றி இயங்கும்.

பொருள் இல்லை எனக் கூறிக் களவுப்படியைக் கொள்வாரும் உளர். பிறர் உழைப்பைக் கவர்ந்துகொண்டு, தம் இசைக்கு மட்டும் மதிப்பு வேண்டுவது எங்ஙனம் பொருந்தும்? விலையில்லாதவை இருக்கக் களவு எதற்கு?

மாணவர்களே! கைக்கெட்டிய ஒன்றைக் கொண்டு முதலில் ஒரு பாடலை முடித்துப் பாருங்கள். அதன் குறை உங்கள் கற்பனைக்குத் தடையாயின், அப்போது வேறொன்றை நாடுங்கள். ஒரு செடி பூக்குமுன் மண்வெட்டியை மாற்றிக்கொண்டே இருப்பவன் தோட்டம் காணான்.