தறிக்கூலியர் பிள்ளைக்கு அறிவியல் எட்டாக்கனியா?

கருமத்தம்பட்டியில் பொழுதெல்லாம் விசைத்தறி ஓசை கேட்கின்றது. அவ்வோசையிடையே வளரும் தறித்தொழிலாளியின் குழந்தை, மின்னோடி சுழல்வதையும் நாடா பாய்வதையும் நாள்தோறும் காண்கின்றது. அவை எவ்வாறு இயங்குகின்றன எனச் சொல்லித் தருவார்தாம் இலர்! நகரத்து விடுமுறை அறிவியற் பயிற்சிகளோ, பெரும்பாலும் பணத்தையும் ஆங்கிலத்தையும் வாயிற்காவலராய் நிறுத்தியுள்ளன.

பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியிற் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மயில்சாமி அண்ணாதுரை அன்றோ, 2008இல் நிலவுக்கு ஏவப்பெற்ற சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர்! அறிவியலுக்குத் தமிழ் தடையன்று, வாய்ப்பின்மையே தடை.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பயில்வோர்க்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுசேர்க்க 2022இல் தொடங்கப்பெற்ற வானவில் மன்றம் நற்றொடக்கமே. அதற்கு மேற்பட்ட வகுப்பினர்க்கு? கோவையில் மண்டல அறிவியல் நடுவம் உண்டு. ஆனால், ஒருநாட் கூலியை இழந்து பிள்ளையை அங்கு அழைத்துச்செல்லப் பெற்றோரால் இயலுமா?

தறி உடைமையாளர்களே! நகராட்சியினரே! திங்கள்தோறும் ஒரு பேருந்து அமர்த்துங்கள். தமிழில் விளக்கவல்ல ஆசிரியர் ஒருவரை உடன் அனுப்புங்கள். இஃது ஈகையன்று, நமக்குத் துணி நெய்த கைகளுக்கு நாம் பட்டுள்ள கடன்!