பெயரை விழுங்கும் புலமை

தொல்காப்பியர் நூல் நெடுகிலும் 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் எழுதியது ஏன்? முன்னிருந்தோர் கண்டதைத் தாமே கண்டதாகக் காட்ட அவர் நாணினார். நச்சினார்க்கினியர் இளம்பூரணரை மறுக்குமிடத்தும் 'உரையாசிரியர்' எனப் பெருமைப்படுத்தியே மறுத்தார். இன்றைய பட்ட ஆய்வாளரோ தம்மை உயர்த்தும் பெயர்களை மட்டுமே அடிக்குறிப்பில் ஏற்றுகின்றனர். நெறியாளர் பெயர் பத்திடத்தில். மேலைநாட்டார் பெயர் இருபதிடத்தில்! பாவாணர் (1902–1981) அகழ்ந்தெடுத்த வேர்ச்சொற்களை எடுத்தாள்வர். அவர் பெயரை எழுத மட்டும் கை கூசும். இது மேற்கோளா, காவடியா?

இது பிறர் குற்றம். நம் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், கற்படுக்கையொன்றில் தமிழிக் கல்வெட்டு உள்ளது. 'பிறந்த', 'செய்த' என்னும் எச்சங்கள் அதில் உள்ளன. அவை எம்மொழிச் சொற்கள் என நம் வீட்டுச் சிறுவனும் சொல்வான். ஆயினும் இவ்வகை மலைமுழைக் கல்வெட்டுகளைப் பாகதமென அறிஞர் மயங்கிய காலமொன்று இருந்தது. 1924இல் சென்னையில் கூடிய கீழைநாட்டாய்வு மாநாட்டில், ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளை இனங்கண்டு, பாண்டிநாட்டு முழைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என நிறுவியவர் கே.வி. சுப்பிரமணிய ஐயர். அதன் பின்னும் 1938இல் நாராயண ராவ் அவற்றைப் பாகதமாகவே படித்தார். ஐராவதம் மகாதேவன் 1966இல் அக்கல்வெட்டுகளின் தொகுப்பையும் 2003இல் பெருநூலையும் தந்தார். இத்துறையில் தம் பெயரே ஓங்கிநின்ற நிலையிலும், வழி திறந்தவர் சுப்பிரமணிய ஐயரே என எழுதிவைத்தார்.

நம் மேடைகளில் அப்பெயரை எத்தனை முறை கேட்டீர்கள்? 'ஐயர்' என்னும் ஈறு நம் தொண்டையில் சிக்குகிறது. அவர் கண்டதை மட்டும் படைக்கலமாக ஏந்தி முழங்குகிறோம். பாவாணர்க்குப் பிறர் இழைத்த அதே கொடுமையன்றோ இது? ஆரிய மேலாண்மையை எதிர்ப்பது வேறு. ஒருவர் உழைப்பை மறைப்பது வேறு. முன்னதில் நான் இம்மியும் பின்வாங்கேன்.

இன்னொன்றும் உண்டு. சான்று காட்டாத உண்மையைத் 'தமிழ்வெறியர் புனைவு' என்று மாற்றார் ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். பெயரும் ஆண்டும் காட்டினால், நம்மோடன்று, அந்த 1924ஆம் ஆண்டு உரையோடு அவர்கள் மல்லாட வேண்டும். படிக்கும் இளைஞனும் தானே தேடிச்சென்று ஒப்புநோக்குவான். நாம் பிழைபட எழுதியிருந்தால் திருத்துவான். திருத்தப்படுவோம் என்னும் அச்சத்தால்தான் பலர் பெயரை மறைக்கின்றனரோ என்றும் ஐயுறுகிறேன்.

எனவே, இவ்விதழுக்குக் கட்டுரை விடுக்கும் அன்பர்கள், எடுத்தாண்ட ஒவ்வொரு கருத்துக்கும் உரியவர் பெயரையும் நூலையும் பக்க எண்ணையும் ஒதுக்காமல் எழுதியனுப்புக. அவர் நமக்கு உவப்பானவரா என்று பார்க்க வேண்டா.