ஜூனியர் டென்னிஸுக்கும் நான்கு வரி



1979-இல் நம் சென்னைப் பையன் ரமேஷ் கிருஷ்ணன் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றார். அவருடைய அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954-லேயே விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். அப்பேர்ப்பட்ட ஊரில் நடந்த ஒரு சர்வதேச ஜூனியர் போட்டிக்குப் போயிருந்தேன். பெற்றோரைத் தவிர பார்க்க ஆளே இல்லை.

அங்கே பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆடும் பிள்ளைகளே சொல்ல வேண்டும். செட்டையே முடிவுசெய்யும் பந்து கோட்டை உரசி விழுந்தது. எதிராளி கேட்கும் முன்பே, ‘உள்ளேதான்’ என்று கைகாட்டி ஒப்புக்கொண்டாள் ஒரு சிறுமி. செட் போயிற்று. மட்டையின் கைப்பிடி டேப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அடுத்த செட்டுக்கு எழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜே30 முதல் ஜே500 வரையிலான தரநிலைகளில் நடக்கும் சர்வதேச ஜூனியர் போட்டிகளில் தரவரிசைப் புள்ளி சேர்க்க, 13 முதல் 18 வயதுப் பிள்ளைகள் நாடு நாடாக அலைகிறார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் என்று பல வீடுகளில் சேமிப்பே கரைகிறது. கிராண்ட்ஸ்லாம் சமயத்தில் மட்டும் அவர்களை நினைப்பது போதாது. ஆசிரியரே, வாரம் ஒருமுறை நான்கு வரியாவது ஜூனியர் முடிவுகளை வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், கோடம்பாக்கம், சென்னை